நாலு மணிக்கு மேல் வரும் கோபம்

ஒரு ஆன்டிபயாடிக் குழந்தைக்கு ஒத்துக்கொள்ளாவிட்டால் உடம்பில் தடிப்பு கிளம்பும், வயிறு போகும். தாயின் சந்தேகம் உடனே மருந்தின் மேல் விழும். நடத்தையைச் சீராக்கவென்று கொடுக்கும் மருந்தில் இந்த வசதி இல்லை. அது செய்யும் நன்மை நடத்தையில் தெரிகிறது, தீமையும் நடத்தையில் தெரிகிறது, எந்தக் கோளாறுக்காக எழுதிக் கொடுக்கப்பட்டதோ அதன் அடையாளமும் நடத்தையாகவே இருக்கிறது. கவனக்குறைவும் மிகைத்துடிப்பும் சேர்ந்த கோளாறுக்கு, அதாவது ஏடிஎச்டிக்கு, மெத்தில்ஃபெனிடேட் சாப்பிடும் ஐந்து வயதுக் குழந்தை மாலையில் சோற்றுத் தட்டைத் தூக்கி எறிகிறது என்றால் அது கோளாறா, மருந்தா, பசியா, வெறும் அடமா? நான்கும் வெளியே ஒரே மாதிரிதான் தெரியும். சின்னக் குழந்தைகளுக்கு இந்த மருந்துகளைக் கொடுப்பதில் உள்ள பெரிய ஆபத்து இந்தக் குழப்பத்தில்தான் இருக்கிறது என்பது என் வாதம். மருந்து கிளப்பும் எரிச்சலை நோய் முற்றியதாகவும், மருந்து உண்டாக்கும் மந்தத்தைக் குணமாகவும் எடுத்துக்கொள்ளும் இரட்டைத் தவறு ஆறு வயதுக்குக் கீழே எளிதில் நடந்துவிடுகிறது. குழந்தையை யார் எந்த நேரத்தில் பார்க்கிறார்கள் என்பதைப் பொறுத்து அந்தத் தவறு கூடும், குறையும்.

வாலாஜாபேட்டை மாதிரியான ஊரில் இந்தக் கடைசி வாக்கியத்துக்குத் தனி எடை உண்டு. 1866-இலேயே நகராட்சியான பழைய வணிக ஊர் அது. இன்று அதன் வீடுகளில் பல ராணிப்பேட்டை, மேல்விஷாரம் பக்கத்துத் தோல் ஷாப்புகளையும் ஷூ கம்பெனிகளையும் நம்பிப் பிழைக்கின்றன. ஷூவின் மேல்பாகமான அப்பர் தைக்கும் வேலையில் பெரும்பாலும் பெண்கள். காலையில் கம்பெனி பஸ் ஏறும் தாய் பொழுது சாயும்போது இறங்குகிறார். குழந்தை பகலில் எல்கேஜி மிஸ்ஸிடமோ அங்கன்வாடியிலோ, சாயங்காலம் ஆயாவிடம், இரவில்தான் அம்மாவிடம். மெத்தில்ஃபெனிடேட்டின் சாதாரண மாத்திரை விழுங்கிய ஒரு மணி நேரத்துக்குள் வேலையைத் தொடங்கி, மூன்று நான்கு மணி நேரத்தில் முடித்துக்கொள்ளும். காலை எட்டு மணிக்குக் கொடுத்த மாத்திரையின் நல்ல நேரம் முழுவதும் மிஸ்ஸுக்குப் போய்விடுகிறது. மதியம் இன்னொன்று கொடுத்தால் அது இறங்கும் நேரம் ஆயாவுக்கு. அம்மாவுக்கு மிஞ்சுவது மருந்து வடிந்துபோன, தூக்கம் வராமல் பாயில் புரளும் குழந்தை. மாதத்துக்கு ஒருமுறை சில நிமிஷம் பார்க்கும் டாக்டர் முன்னால் இவற்றில் எதுவும் நடக்காது. இருப்பது ஒரு குழந்தைதான். ஆனால் இந்த நான்கு பேரையும் தனித்தனியே கேட்டால் நான்கு குழந்தைகளைப் பற்றிக் கேட்டது போல இருக்கும்.

இந்த மருந்துக் குடும்பத்தின் கதை 1937-இல் அமெரிக்காவின் ரோட் தீவு மாநிலத்தில் தொடங்குகிறது. நடத்தைக் கோளாறுள்ள குழந்தைகளுக்கான ஒரு இல்லத்தில் சார்லஸ் பிராட்லி என்ற மருத்துவர் 30 குழந்தைகளுக்கு பென்செட்ரின் என்ற ஆம்பெட்டமினைக் கொடுத்துப் பார்த்தார். பாதிப் பேர் படிப்பில் வியக்கத்தக்க மாற்றம் காட்டினார்கள். 1944-இல் சுவிட்சர்லாந்தின் சீபா கம்பெனியில் லியாண்ட்ரோ பனிசோன் மெத்தில்ஃபெனிடேட்டை உருவாக்கினார். மனைவி ரீட்டாவின் பெயரால் அது ரிட்டாலின் ஆயிற்று. மூளையின் நரம்பணுக்கள் டோபமினையும் நார்அட்ரினலினையும் திரும்ப உறிஞ்சிக்கொள்வதை அது தடுக்கிறது. அதனால் கவனத்தை நிறுத்தும் முன்மூளைச் சுற்றுகளில் அவற்றின் அளவு உயர்கிறது. பள்ளி வயதுப் பிள்ளைகளிடம் இது நன்றாக வேலை செய்கிறது என்பதில் இன்று பெரிய சர்ச்சை இல்லை. சர்ச்சை மூன்று முதல் ஐந்து வயது வரையிலான குழந்தைகளைப் பற்றியது. மெத்தில்ஃபெனிடேட்டுக்கு அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 6 வயது முதல்தான் அனுமதி கொடுத்திருக்கிறது. விசித்திரமாக, அதைவிடக் கடுமையான ஆம்பெட்டமினுக்கு 3 வயதிலிருந்தே அனுமதி உண்டு. அது பழைய காலத்து அனுமதி, இன்று கேட்கப்படும் சான்றுகள் கேட்கப்படாத காலத்தில் கிடைத்தது. இந்தியாவில் ஆம்பெட்டமின் இந்தப் பயனுக்கு விற்பனையில் இல்லை என்பதால் அந்த விசித்திரம் நம்மைத் தொடவில்லை. மெத்தில்ஃபெனிடேட் 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தின் கட்டுப்பாட்டில் இருக்கிறது, எல்லா மெடிக்கல் ஷாப்பிலும் கிடைக்காது.

மிகச் சின்னக் குழந்தைகளைப் பற்றி நமக்குத் தெரிந்தவற்றில் உறுதியானது அமெரிக்க தேசிய மனநல நிறுவனம் நடத்தி 2006-இல் வெளியிட்ட பேட்ஸ் ஆய்வு. மூன்று முதல் ஐந்தரை வயதுள்ள 303 குழந்தைகள் அதில் சேர்க்கப்பட்டார்கள். எடுத்த எடுப்பில் யாருக்கும் மாத்திரை கொடுக்கவில்லை. பெற்றோருக்கு முதலில் பத்து வாரப் பயிற்சி, அதற்குப் பிறகும் கோளாறு குறையாதவர்களுக்கு மட்டும் மருந்து. அதுவும் ஒரு வேளைக்கு 1.25 மில்லிகிராம் என்ற அளவில் தொடங்கி, மருந்தே இல்லாத வெற்று மாத்திரையோடு மாற்றி மாற்றி, எது எது என்று பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் தெரியாதபடி. 5 மில்லிகிராம் மாத்திரையைக் காலாக உடைத்தால் வருவது அந்த முதல் அளவு. மருந்து வேலை செய்தது, ஆனால் பள்ளி வயதுப் பிள்ளைகளிடம் செய்த அளவுக்கு இல்லை. தங்களுக்கு ஏற்ற அளவு மருந்து சாப்பிட்டவர்களில் 21 சதவீதம் பேரிடம்தான் கோளாறு ஏறக்குறைய அடங்கியது. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களிலும் 13 சதவீதம் பேரிடம் அடங்கியிருந்தது. மறுபக்கம், 30 சதவீதப் பெற்றோர் யாரும் கேட்காமலே நடுத்தரமான அல்லது கடுமையான பக்கவிளைவுகளைச் சொன்னார்கள். 11 சதவீதக் குழந்தைகள் பக்கவிளைவு தாங்காமல் மருந்தை விட்டார்கள். பசியின்மையும் தூக்கமின்மையும் எதிர்பார்த்தவைதான். கவனிக்க வேண்டியவை மற்றவை: திடீரென்று வெடிக்கும் அழுகையும் கோபமும், எரிச்சல், ஒரே செயலையோ ஒரே நினைப்பையோ திரும்பத் திரும்பப் பிடித்துக்கொள்வது. ஒரே அளவு மருந்து கொடுத்தாலும் நான்கு ஐந்து வயதுக் குழந்தையின் ரத்தத்தில் அது அதிக உயரத்துக்கு ஏறுகிறது, மெதுவாக வெளியேறுகிறது என்பதையும் அதே ஆய்வு காட்டியது. எட்டு வயது அண்ணனின் மாத்திரையில் பாதி தம்பிக்குச் சரியாக இருக்கும் என்ற கணக்கு அங்கேயே உடைந்துபோகிறது.

எரிச்சல் எவ்வளவு பரவலானது என்பதற்கு இன்னொரு ஆதாரம் 2021-இல் வந்தது. அமெரிக்காவில் சிகிச்சை பெற்ற 497 சிறு குழந்தைகளின் மருத்துவக் குறிப்புகளைப் புரட்டிய ஆய்வில், மெத்தில்ஃபெனிடேட் வகை மருந்து சாப்பிட்டவர்களில் பாதிப் பேரிடம் சிடுசிடுப்பும் மனநிலை மாற்றமும் பதிவாகியிருந்தன. குளோனிடின் போன்ற வேறு வகை மருந்தில் அது முப்பது சதவீதத்துக்குள் இருந்தது, ஆனால் அந்தக் குழந்தைகளில் பலர் பகலில் தூங்கி வழிந்தார்கள். சிடுசிடுப்பு இரண்டு வேளைகளில் வரலாம், இரண்டுக்கும் வைத்தியம் எதிரெதிரானது. மருந்து உச்சத்தில் இருக்கும்போது வந்தால் அளவு அதிகம் என்று பொருள், குறைக்க வேண்டும். மருந்து இறங்கும்போது வந்தால், அடக்கிவைத்த துடிப்பு முன்னைவிட வேகமாகத் திரும்பி எழுகிறது என்று பொருள். அப்போது மருந்தின் நேரத்தை மாற்றலாம், இறங்கும் நேரத்துக்கு முன் ஏதாவது சாப்பிடக் கொடுக்கலாம், மெதுவாக இறங்கும் வகைக்கு மாறலாம். காலையில் சரியாகச் சாப்பிடாமல், மதியச் சோற்றையும் தொடாமல் வந்த குழந்தை நாலு மணிக்குக் கத்துவதில் பாதி வெறும் பசி. இப்போது ஆயா மகளிடம் "முன்னைவிட மோசமா இருக்கான்" என்கிறார். மகள் அதையே டாக்டரிடம் சொல்கிறார். எத்தனை மணிக்கு மோசம் என்பது வழியிலேயே உதிர்ந்துவிடுகிறது. மணி தெரியாத புகார் டாக்டர் காதில் மருந்து போதவில்லை என்று விழுகிறது, அளவு கூடுகிறது, எரிச்சலும் கூடுகிறது. அடுத்தபடியாக எரிச்சலை அடக்க ரிஸ்பெரிடோன் மாதிரி இரண்டாவது மருந்து நுழைந்தால், முதல் மருந்தின் பக்கவிளைவுக்கு ஒரு தனி நோயின் மரியாதை கிடைத்துவிடுகிறது.

இரண்டாவது தவறு இதைவிடப் பொல்லாதது, ஏனென்றால் அதைப் பற்றி யாரும் புகார் சொல்வதில்லை. கனடாவில் ஃபயர்ஸ்டோன் குழுவினர் 1998-இல் நான்கு முதல் ஆறு வயது வரையுள்ள முப்பது பேர் அளவிலான ஒரு சிறு கூட்டத்தை வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மருந்தின் அளவு கூடக்கூட, சோகமாக இருக்கிறது, பேச்சு குறைந்துவிட்டது, மற்ற பிள்ளைகளிடம் ஒட்டுவதில்லை என்ற குறிப்புகளும் கூடின. நாற்பது பிள்ளைகளை ஒரே அறையில் வைத்துச் சமாளிக்கும் மிஸ்ஸுக்கு, நேற்றுவரை பெஞ்சின் மேல் நின்ற பையன் இன்று மூலையில் சும்மா உட்கார்ந்திருப்பது பெரிய நிம்மதி. அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் உட்கார்ந்திருப்பது வேறு, கவனிப்பது வேறு. கவனிக்கும் குழந்தை கேள்வி கேட்கும், பக்கத்துப் பையனின் பென்சிலைப் பற்றி ஏதாவது சொல்லும், விளையாட்டு மணி அடித்தால் எழுந்து ஓடும். மணி அடித்தும் எழாத குழந்தைக்கு மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்றே நினைக்க வேண்டும். அரிதாக வேறொன்றும் நடக்கும். எஃப்டிஏ மருத்துவர்கள் 49 மருந்துச் சோதனைகளின் பதிவுகளைத் தொகுத்து 2009-இல் வெளியிட்டபோது, இல்லாததைக் காண்பது போன்ற நிகழ்வுகள் மருந்து சாப்பிட்டவர்களிடம் மட்டுமே இருந்தன. நூறு குழந்தைகள் ஒரு வருஷம் சாப்பிட்டால் ஒன்றிரண்டு என்ற விகிதம். குழந்தைகள் பெரும்பாலும் சொன்னது பூச்சி, புழு, பாம்பு தெரிகிறது, உடம்பில் ஊர்கிறது என்று. நம் ஊரில் இதைக் கேட்கும் பெரியவர்கள் குழந்தை எதையோ கண்டு பயந்திருக்கிறது என்று மந்திரிக்கக் கூட்டிப்போவார்கள். போகட்டும், அதனால் கெடுதல் இல்லை. டாக்டரிடமும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் மருந்தை நிறுத்தினால் பெரும்பாலும் அது மறைந்துவிடுகிறது.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். நீங்கள் பக்கவிளைவு என்று அடுக்குவதெல்லாம் அந்தக் குழந்தைகளிடம் மருந்துக்கு முன்பே இருந்தவை அல்லவா? ரசல் பார்க்லி 1990-இல் 83 குழந்தைகளை ஆராய்ந்தபோது, வெற்று மாத்திரை கொடுத்த வாரத்திலும் பெற்றோர் எரிச்சல், அழுகை, பதற்றம் என்று ஏராளமாகக் குறித்திருந்தார்கள். மருந்தினால் திட்டவட்டமாகக் கூடியவை பசியின்மை, தூக்கமின்மை, வயிற்றுவலி, தலைவலி ஆகியவைதான். இந்த மறுப்பை நான் முழுதாக ஏற்கிறேன். என் வாதத்துக்கு அது பலமே சேர்க்கிறது. முன்பே இருந்த எரிச்சலையும் புதிதாக வந்த எரிச்சலையும் பிரிக்க ஒரே வழி முதல் மாத்திரைக்கு முந்திய வாரத்தைக் குறித்து வைத்திருப்பது. குறிப்பு இல்லாத வீட்டில் மருந்தின் மேல் வீண் பழியும் விழலாம், உண்மையான கேடு மறைந்தும் போகலாம். இரண்டுமே குழந்தைக்கு நஷ்டம். ஆய்வாளர்களுக்கு வெற்று மாத்திரை செய்யும் வேலையை வீட்டில் அந்த ஒரு வாரக் குறிப்புதான் செய்ய முடியும்.

அடுத்த மறுப்பு இன்னும் கனமானது. தமிழ்நாட்டில் மருந்து மிகுதியாகக் கொடுக்கப்படுவதா பிரச்சினை, எட்டாமல் இருப்பதல்லவா? கோயம்புத்தூர் பள்ளிகளில் 770 ஆரம்பப் பள்ளிக் குழந்தைகளைப் பார்த்து 2013-இல் வெளிவந்த ஆய்வு 11.32 சதவீதம் பேரிடம் ஏடிஎச்டி இருப்பதாகச் சொன்னது. அவர்களில் பெரும்பாலோர் எந்த டாக்டரையும் பார்த்திருக்க மாட்டார்கள். கடுமையான ஏடிஎச்டி விளையாட்டு அல்ல. டென்மார்க்கின் தேசியப் பதிவேடுகளை வைத்து 2015-இல் வந்த ஆய்வில் இந்தக் கோளாறுள்ளவர்கள், சிறு வயதிலேயே கண்டறியப்பட்டவர்கள் உட்பட, மற்றவர்களைவிடக் கூடுதலாக இறந்திருந்தார்கள். விபத்துகள் அதற்கு முக்கியக் காரணம். சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டி வாழும் குடும்பத்துக்கு, கையை உதறிவிட்டுச் சாலைக்கு ஓடும் நாலு வயதுக் குழந்தை என்றால் என்ன என்று விளக்க வேண்டியதில்லை. பேட்ஸ் ஆய்விலும் பெற்றோர் பயிற்சி மட்டுமே போதுமானதாக இருந்தது சுமார் ஏழு சதவீதம் பேருக்குத்தான். ஆகவே மருந்தே கூடாது என்பது வீம்பு. அதனால்தான் நான் அப்படிச் சொல்லவில்லை. சிகிச்சை எட்டாத ஊரில் கண்காணிப்பு அதைவிட எட்டாதது என்பதே என் கவலை. வசதியான நாடுகளில்கூட இது சறுக்குகிறது. அமெரிக்காவில் மூன்று முதல் ஐந்து வயதுக்குள் ஏடிஎச்டி என்று கண்டறியப்பட்ட 9,708 குழந்தைகளைப் பற்றி 2025-இல் வந்த ஆய்வில், 42 சதவீதம் பேருக்கு முப்பது நாளுக்குள் மருந்து எழுதப்பட்டிருந்தது. முதலில் பெற்றோர் பயிற்சி என்று அங்குள்ள குழந்தை மருத்துவர் அகாதமி 2019-இலும் திட்டமாகச் சொல்லியிருந்தது. இந்தியக் குழந்தை மருத்துவர் அகாதமியின் 2017-ஆம் ஆண்டு வழிகாட்டுதலும் ஆறு வயதுக்குக் கீழே நடத்தைப் பயிற்சியைத்தான் முன்னால் வைக்கிறது. அதே 2025 ஜூனில் எஃப்டிஏ, நீண்ட நேரம் வேலை செய்யும் வகை மருந்துகளால் ஆறு வயதுக்குக் கீழே எடை குறைவதைப் பற்றிய எச்சரிக்கையை மருந்தின் லேபிளில் சேர்க்கச் சொன்னது. பேட்ஸ் குழந்தைகள் மருந்து சாப்பிட்ட வருஷத்தில் எதிர்பார்த்ததைவிட ஏறத்தாழ 1.3 கிலோ எடையும் 1.4 சென்டிமீட்டர் உயரமும் குறைவாக வளர்ந்தார்கள். ஏற்கெனவே மெலிந்த குழந்தைக்கு அது சின்ன எண் அல்ல.

மருந்துச் சீட்டுக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்விகளும் இருக்கின்றன. தமிழ்நாட்டில் எல்கேஜி சேர்க்கைக்கு ஜூலை 31 அன்று மூன்று வயது முடிந்திருக்க வேண்டும் என்பது வழக்கமான கணக்கு. அப்படியானால் ஜூலை கடைசியில் பிறந்த குழந்தையும் அதற்கு முந்திய ஆகஸ்டில் பிறந்த குழந்தையும் ஒரே பெஞ்சில். மூன்று வயதில் பதினொரு மாத வித்தியாசம் என்பது வாழ்நாளில் கால்பங்குக்கு மேல். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஒன்பது லட்சத்துக்கு மேற்பட்ட குழந்தைகளின் பதிவுகளைப் பார்த்தபோது, வகுப்பிலேயே இளையவர்களான டிசம்பர் மாதப் பையன்களுக்கு, மூத்தவர்களான ஜனவரிப் பையன்களைவிட மருந்து கிடைக்கும் வாய்ப்பு 41 சதவீதம் கூடுதலாக இருந்தது. பிறந்த மாதம் ஒரு நோயாக முடியாது. அப்புறம் ரத்தசோகை. தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றில் தமிழ்நாட்டின் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57 சதவீதம் பேருக்கு அது இருந்தது. இரும்புச்சத்து குறைந்த குழந்தை நிலைகொள்ளாமல் தவிக்கும், சரியாகத் தூங்காது. டோபமின் தயாராவதற்கே இரும்பு தேவை. ஈயமும் உண்டு. சென்னையில் மூன்று முதல் ஏழு வயது வரையுள்ள 756 குழந்தைகளை ஆராய்ந்து 2009-இல் வெளியான ஆய்வில், ரத்தத்தில் ஈயம் கூடிய குழந்தைகளிடம் கவனக்குறைவும் பதற்றமும் கூடியிருந்தன. தோல் ஷாப்புக் கழிவுநீரால் பாலாற்றுப் படுகை கெட்டதும், அதைப் பற்றி உச்ச நீதிமன்றம் 1996-இல் தீர்ப்பளித்ததும் ஊரறிந்த கதை. ஆனால் அங்கே முதல் குற்றவாளி குரோமியமும் உப்பும். அவற்றைக் காட்டி ஒவ்வொரு துறுதுறுப் பிள்ளைக்கும் ஷாப்புதான் காரணம் என்று சொல்வது, எளிதில் கைதட்டல் வாங்கும் தப்பான வாதம். ஈயம் சந்தேகம் என்றால் பழைய பேட்டரி உடைக்கும் இடம், வீட்டுச் சுவர்ப் பெயின்ட், ஈயம் கலந்த பூச்சுள்ள பாத்திரம் என்று தேட வேண்டும்.

பெற்றோர் பயிற்சி என்பது வேலைக்குப் போகாத வெள்ளைக்காரத் தாய்மாருக்கு வகுத்தது, பீஸ் கணக்கில் அப்பர் தைக்கும் பெண்ணுக்கு லீவு யார் தருவார் என்று கேட்பார்கள். கேள்வி சரி. ஆனால் குடும்பத்தைச் சிகிச்சைக்குள் இழுக்கும் பழக்கத்தை நாம் வெளியிலிருந்து கடன் வாங்க வேண்டியதில்லை. வாலாஜாபேட்டையிலிருந்து சில பத்துக் கிலோமீட்டர் தூரத்தில், பாகாயத்தில், வேலூர் சிஎம்சியின் மனநல மையம் 1950-களிலிருந்தே நோயாளியோடு ஒரு உறவினரைத் தங்கவைத்துச் சிகிச்சை செய்துவருகிறது. அங்குள்ள நம்பிக்கை நிலையத்தில் வளர்ச்சிக் குறைபாடுள்ள குழந்தையோடு பெற்றோரும் தங்கிப் பயிற்சி பெறுகிறார்கள். எல்லோராலும் வாரக்கணக்கில் தங்க முடியாது என்பது உண்மைதான். பிரிட்டனில் சோனுகா-பார்க் குழுவினர் 2001-இல் வேறு வழி பார்த்தார்கள்: 78 மூன்று வயதுக் குழந்தைகளில், ஒப்பீட்டுக்காகக் காத்திருக்க வைத்தவர்களைத் தவிர மற்றவர்களின் வீடுகளுக்கே சுகாதார ஊழியர்கள் எட்டு வாரம் போனார்கள். பயிற்சி பெற்ற குடும்பங்களில் 53 சதவீதம் குழந்தைகள் தெளிவாகத் தேறினார்கள். காத்திருந்தவர்களில் 25 சதவீதம். பிறகு வந்த ஆய்வுகளில், குறிப்பாகப் பயிற்சியைப் பற்றி அறியாத மூன்றாம் மனிதர் மதிப்பிட்டபோது, இந்தப் பலன் சுருங்கியது. அதை மறைக்கக் கூடாது. குழந்தையின் துடிப்பு அவ்வளவாகக் குறையாவிட்டாலும், பயிற்சி பெற்றவர் குழந்தையைப் பார்க்கக் கற்றுக்கொள்கிறார்: எதற்கு முன் கத்தியது, எதற்குப் பின் அடங்கியது, எத்தனை மணிக்கு. மருந்து தேவைப்பட்டால், அதைப் பத்திரமாகக் கொடுக்க வேண்டிய கண் அதுதான். பயிற்சியில் உட்கார வேண்டியவர் அம்மா மட்டும் என்றில்லை, சாயங்காலம் வீட்டில் இருக்கும் ஆயா உட்கார்ந்தாலும் பலன் உண்டு.

2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் முப்பது கோளாறுகள் அடங்கிய பட்டியலில் ஏடிஎச்டியும் இருக்கிறது. அதன் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு வருஷத்தில் இரண்டு தடவை வரும். குழந்தையைக் கண்டுபிடித்து மேலே அனுப்ப அது போதும், மருந்து தொடங்கிய பிறகு நடப்பதைப் பார்க்கப் போதாது. அதற்கு ஒரு ரூல் போட்ட நோட்டு போதும்: முதல் மாத்திரைக்கு முந்திய ஒரு வாரம், பிறகு அளவு மாறும் ஒவ்வொரு முறையும் ஒரு வாரம். எத்தனை மணிக்கு மாத்திரை, எத்தனை மணிக்குச் சாப்பாடு, எவ்வளவு சாப்பிட்டது, எப்போது கத்தியது, எப்போது தூங்கியது, யாரோடு விளையாடியது. விளையாட்டுக் கட்டம் தொடர்ந்து காலியாக இருந்தால், மிஸ் எவ்வளவு பாராட்டினாலும் அடுத்த மாதம்வரை காத்திருக்கக் கூடாது. வருஷத்தில் ஒருமுறை, டாக்டரைக் கேட்டுக்கொண்டு, மே மாத விடுமுறையில் மருந்தை நிறுத்திப் பார்க்கலாம். இன்னும் தேவையா என்பதையும், எந்த எரிச்சல் மருந்தோடு போனது என்பதையும் அது காட்டிவிடும். ஆயாவுக்கு எழுத வராது என்றால், அவர் சொல்லச் சொல்ல இரவில் அம்மா குறித்துக்கொள்ளலாம். கடிகாரம் பார்க்கத் தெரியாதவர்கூட, பள்ளிவாசல் பாங்குக்கு முன்னா பின்னா, கம்பெனி பஸ் வருவதற்கு முன்னா பின்னா என்று சொல்லிவிடுவார்.